பாண்டமும் பண்டமும் – 14: மரத்தில் ஊறிய வெள்ளை

எங்கள் அக்கா பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினால், சங்கரன்கோவிலில் பாதியைக் கட்டி ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். இந்த முறை துணைக்கு நானும் போனேன். துணை என்பது மரியாதைக்குச் சொல்வது. சுமைகூலி என்பதுதான் சரி. சாக்கில் பத்துத் தேங்காய், கேனில் மரச்செக்கு நல்லெண்ணெய், புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு பை, கருப்பட்டி, கோமதியம்மன் கோவில் புற்றுமண் ஒரு பொட்டலம், மருமகளுக்கு வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம், கைக்குழந்தையாக இருக்கும் பேத்திக்கு உரைமருந்து டப்பா.

“ஏக்கா, பெங்களூர்ல தேங்கா கெடைக்காதா?”

“தேங்கா கெடைக்கும்ல. பால் கெடைக்காது.”

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேங்காய்கள் சொதியாயின. திருநெல்வேலிச் சீமைக்கு வெளியே சொதி என்றால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணம் முடிந்து மறுவீட்டுப் பந்தியில் பரிமாறுவது. தேங்காயை மூன்று முறை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலை ஊற்றி, வெந்த சிறுபருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை விட்டு, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். பச்சைமிளகாய், இஞ்சிச் சாறு, எலுமிச்சை எல்லாம் பாலுக்கு அடங்கித்தான் நிற்கும்.

அடுப்படியில் முதல் பால் ஊற்றுகிற நேரத்தில்தான் மருமகன் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை வெளியே எடுத்தான். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“ஏல, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, வெள்ளையும் சொள்ளையுமா என்னத்தல வச்சிருக்க?”

“ஒயின்ம்மா. மாமாவுக்கு. கட்டுரை எழுதுதாவள்ல, அதுக்கு.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது. “என்னமும் செய்யுங்க. எலைப் பக்கத்துல கொண்டாந்து வைக்காதிய” என்று முடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளோடு பால்கனிக்குப் போய்விட்டோம்.

பாட்டிலின் மேல் நமக்குத் தெரிந்த பெயர்: விஜய் அமிர்தராஜ். 1973-லும் 1981-லும் விம்பிள்டன் காலிறுதி வரை போன நம் சென்னைக்காரர். அவர் பெயரில் ஒரு தனி வரிசையையே நந்தி மலையடிவார குரோவர் ஜாம்பா நிறுவனம் வெளியிடுகிறது. 1988-ல் கன்வல் குரோவர் தொடங்கிய தோட்டம் அது. 2012-ல் நாசிக்கின் ஜாம்பாவோடு இணைந்து இந்தப் பெயர் வந்தது. அந்த வரிசையில் உள்ள வெள்ளை ஒயின், வியோனியே என்ற திராட்சையில் செய்து பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் வைத்து எடுத்தது. இந்தத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பாட்டில் அமையாது. அமிர்தராஜின் தாயார் மேகி சென்னையில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியவர். பாண்டத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு இந்தச் செய்தி தனியாக இனிக்கிறது.

“மாமா, குடிக்காண்டாம். மொதல்ல மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்றான்.

மோந்தேன். முதலில் பூ. எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டில் விடியற்காலம் சாக்கைப் பிரித்துக் கொட்டும்போது எழுமே, அதில் பத்தில் ஒரு பங்கு. அதன் பின்னால், நன்றாகப் பழுத்த மாம்பழத்தின் காம்புப் பக்கம். அதற்கும் பின்னால், தேங்காய்.

அடுப்படியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். பால்கனிக் கதவைச் சாத்தச் சொன்னேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி மோந்தால், மெலிந்திருந்தது, ஆனால் போகவில்லை. தேங்காயோடு ஒரு கிராம்பு, கொஞ்சம் கருப்பட்டி காய்ச்சும் புகை. திராட்சைக் கொடியில் தேங்காய் எப்படிக் காய்க்கும்?

போன வாரம் பதநீர்க் கலயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுவது, பனம்பாளையின் சாறு புளித்துக் கள்ளாகிவிடாமல் தடுக்க. அங்கே பாண்டத்தின் வேலை, பண்டத்தை மாறவிடாமல் காப்பது. இந்த வாரம் எதிர்வேலை. மாற்றுவதற்கென்றே செய்த பாண்டம் இது. தேங்காய் அதிலிருந்துதான் வந்தது.

வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘ஒயின் ஷாப்’ என்று நம் ஊரில் சொல்லப்படும் இடத்தில் ஒயினைக் கேட்டு வாங்கும் ஆள் அரிது; அங்கே போய்வருகிறவர்களால் சீரழிந்த குடும்பங்கள் என் தெருவிலேயே உண்டு. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. நான் யாரையும் குடிக்க அழைக்கவில்லை. ஒரு மரம் ஒரு சாற்றை என்ன செய்கிறது என்பதுதான் நம் விஷயம்.

ஓக் மரத்துக்கு அகராதிக்காரர்கள் ‘கருவாலி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. நானும் ஓக் என்றே எழுதுகிறேன். நம் பக்கத்துக் கரிசலில் அது வளராது. ஆனால் நம்மில் பலர் பல் முளைக்குமுன்பே அதை ருசித்துவிட்டோம். அக்காவின் உரைமருந்து டப்பாவில் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு மாசிக்காய் என்று ஒன்று இருக்கிறதல்லவா? பெயர்தான் காய். மேற்காசியப் பக்கத்து ஓக் மரமொன்றின் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, அந்த இடத்தைச் சுற்றி மரம் உருட்டிக் கட்டுகிற புடைப்பு அது. முழுக்கத் துவர்ப்பு. அதைக் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவினார்கள். குழந்தை மருத்துவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். அக்காவிடம் அதைப் போய் யார் சொல்வது? நான் சொல்ல வந்தது, ஓக்கின் துவர்ப்பு நமக்குப் புதிதில்லை என்பதை. அறுசுவையில் துவர்ப்பை ஒரு சுவையாகவே எண்ணி வைத்திருக்கிறோம். வாழைப்பூவும் நாவல்பழமும் தின்ற நாக்குக்கு, ஓக்கில் ஊறிய ஒயினை விளங்கிக்கொள்ளப் பாடம் வேண்டியதில்லை.

பீப்பாய்க்கு வரும் மரம் பிரான்சில் இரண்டு வகை. லிமூசன் பக்கத்து மரம் வேகமாக வளரும். வளையங்கள் அகலம், துவர்ப்பு அதிகம். அது பெரும்பாலும் கோன்யாக் பிராந்திக்குப் போகிறது. ஒயின்காரர்கள் தேடுவது மெதுவாக வளர்ந்த, வளையம் நெருங்கிய மரத்தை. அதற்குப் பெயர்போன காடு, நாட்டின் நடுவே அலியே மாவட்டத்தில் இருக்கும் த்ரோன்சே. ஏறக்குறைய பத்தாயிரம் ஹெக்டேர்.

அந்தக் காட்டின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 14-ஆம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், கடற்படைக்குக் கப்பல் கட்ட மரம் போதவில்லை என்று கண்டு, 1669-ல் காடுகளுக்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்தார். த்ரோன்சேயில் ஓக்கை நெருக்கி வளர்க்க ஏற்பாடாயிற்று. நெருக்கினால் மரம் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெட்டுக்கு வளரும், கிளை குறையும், கணு இருக்காது. ஒரு மரம் வெட்டுக்கு வர 150 முதல் 200 வருஷம். மரங்கள் பக்குவத்துக்கு வந்தபோது கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. எதிரியின் பீரங்கிக் குண்டைத் தாங்க நட்ட மரம், திராட்சைச் சாற்றைத் தாங்கப் போயிற்று. கோல்பேர் பெயரிலேயே அந்தக் காட்டில் இன்னும் ஒரு பகுதி நிற்கிறது. அங்கே 300 வயதைத் தாண்டிய மரங்கள் இருக்கின்றன.

அமெரிக்க ஓக்கை ரம்பத்தால் அறுத்துப் பலகை எடுக்கலாம். அதன் நரம்புக் குழாய்களை மரமே உள்ளிருந்து அடைத்து வைத்திருக்கும். பிரெஞ்சு ஓக்கில் அந்த அடைப்பு குறைவு. குறுக்கே அறுத்தால் குழாய் வெட்டுப்பட்டு ஒயின் கசியும். ஆகவே விறகு பிளப்பதுபோல நரம்போட்டத்திலேயே பிளந்து எடுக்க வேண்டும். ஒரு கட்டையில் கால் பங்குக்கு மேல் பலகை தேறாது. விலை ஏறுவதற்கு முதல் காரணம் இது.

பிளந்த பலகையை உடனே பூட்ட மாட்டார்கள். வெட்டவெளியில் அடுக்கி இரண்டு, மூன்று வருஷம் வெயிலிலும் மழையிலும் போட்டுவைப்பார்கள். மழை கரட்டுத் துவர்ப்பை அலசிக்கொண்டு போகும். மரத்தில் பூசணம் ஏறி ஏதோ ஒரு வேலை செய்யும். பிறகு ஆசாரி பலகைகளை வட்டமாக நிறுத்தி, ஒரு பக்கம் இரும்பு வளையம் மாட்டி, நடுவில் ஓக் சிராய்களாலேயே தீ மூட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து வளைப்பார். பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. வளைந்த பின்னும் தீ எரியும். அதுதான் பீப்பாயின் உட்புறத்தை வறுக்கிற நேரம். இளவறுப்பு, நடுவறுப்பு, கடும்வறுப்பு என்று ஒயின்காரர் கேட்டபடி. ரவையை வறுக்கிறவள் கைக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதுபோல, அந்த ஆசாரி மூக்குக்குத் தெரியும்.

வறுபடும்போதுதான் வாசனை பிறக்கிறது. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் சூட்டில் உடைந்து வனிலினாகிறது. ஐஸ்கிரீமில் நாம் அறிந்த அதே வாசம். யூஜினால் என்ற ஒன்று இருக்கிறது, அதுதான் கிராம்பு. பல் மருத்துவரிடம் போனவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். குவையகால் புகையைத் தருகிறது. மரத்தில் உள்ள சர்க்கரைகள் கருகி ஃபர்ஃபுரால் ஆகின்றன. வறுத்த பாதாம், காய்ச்சிய வெல்லம். என் தேங்காய்க்குப் பெயர் ஓக் லாக்டோன். தேங்காயின் சொந்த மணமும் லாக்டோன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஒன்றுவிட்ட உறவு. இந்த லாக்டோன் அமெரிக்க ஓக்கில் அள்ளிக் கொட்டியிருக்கும், பிரெஞ்சு ஓக்கில் கிள்ளித்தான் இருக்கும். பால்கனிக் கதவைச் சாத்தியதும் தேங்காய் மெலிந்ததன் காரணம் பிறகுதான் பிடிபட்டது. பாதி மரத்திலிருந்து வந்தது, மீதியை அக்காவின் அடுப்படி சேர்த்துவிட்டது.

பூவின் கணக்கு வேறு, அது திராட்சையுடையது. வியோனியேயில் உள்ள லினலூல் மல்லிகையிலும் இருக்கிறது. பிரான்சின் ரோன் ஆற்றங்கரைத் திராட்சை இது. 1960-களில் அங்கேயே சில பத்து ஏக்கராகச் சுருங்கி அழியப் பார்த்தது. அங்கிருந்து மீண்டு, கர்நாடகம் வரை வந்திருக்கிறது.

ஓக்கில் வைத்த வெள்ளைக்குத் தலைவீடு பர்கண்டி. திராட்சை ஷார்டொனே. மெர்சோ, புலினி-மோன்ராஷே, கோர்ட்டோன்-ஷார்ல்மான் என்று ஊர்ப் பெயர்களும் தோட்டப் பெயர்களுமே ஒயினின் பெயர்கள். அங்கே பீப்பாய் 228 லிட்டர், போர்தோவில் 225. ஒரு பீப்பாய்க்குச் சுமார் 300 பாட்டில். புதிய பிரெஞ்சுப் பீப்பாய் ஆயிரம் யூரோவை ஒட்டிய விலை. அப்படியானால் பாட்டிலுக்கு மரக்கூலி மட்டும் நம் காசில் ரூ.300-க்குக் குறையாது. மூன்று, நான்கு முறை புழங்கினால் மரத்தின் வாசம் தீர்ந்துவிடும். அப்புறம் அது வெறும் பாண்டம். நல்ல ஒயின்காரர்கள் புதியதும் பழையதுமாகக் கலந்தே வைத்திருப்பார்கள். புளித்தமாவுக்குப் பழைய சட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற ஆச்சிகளை நாம் பார்த்ததில்லையா?

இதில் ஒரு விசித்திரம். சாற்றை வேறு தொட்டியில் நொதிக்கவைத்து, ஒயினான பிறகு பீப்பாயில் ஊற்றினால் மரவாசம் தூக்கலாக இருக்கும். சாறாகவே பீப்பாயில் ஊற்றி அங்கேயே நொதிக்கவிட்டால் மரவாசம் அடங்கியிருக்கும். மரத்தோடு கூடுதல் காலம் இருந்தும் குறைவான வாசம்! காரணம் ஈஸ்ட். நொதிக்கும்போது அது வனிலினைப் பிடித்து வாசம் குறைந்த வேறொன்றாக மாற்றிவிடுகிறது. வேலை முடிந்து செத்து அடியில் படிகிற ஈஸ்ட் வண்டல், துவர்ப்பிலும் ஒரு பங்கை இழுத்துக்கொள்கிறது. அந்த வண்டலை வடிகட்டி எறியாமல் மாதக்கணக்கில் அப்படியே விட்டு, அவ்வப்போது ஒரு தடியால் கிண்டிவிடுவார்கள். பிரெஞ்சில் அதற்கு பத்தோனாஜ் என்று பெயர். வாயில் வழவழப்பும், சுட்ட பன் வாசமும் வருவது அதனால்.

வெண்ணெய் வாசம் வருமே, அதன் வழி இன்னும் சுவாரசியம். பச்சைத் திராட்சையின் சுருக்கென்ற புளிப்பு மாலிக் அமிலம். ஒரு பாக்டீரியா அதை மோரில் இருக்கும் மெத்தென்ற லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது; மாற்றும்போது டையசிட்டைல் என்ற பொருளைக் கொஞ்சம் கக்குகிறது. வெண்ணெயின் மணமே டையசிட்டைல்தான். அந்தப் பாக்டீரியாவின் இன்றைய பெயர் ஈனோகாக்கஸ் ஈனி. 1995 வரை லூக்கோனாஸ்டாக் குடும்பப் பெயரில் இருந்தது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லூக்கோனாஸ்டாக்கின் பங்காளி. மெர்சோவின் நிலவறையிலும் சங்கரன்கோவில் அடுப்படியிலும் ராத்திரி வேலை பார்ப்பது ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இவ்வளவு நேர்த்தியான வேலையைக் கெடுத்தது ஒரு வெற்றி என்பது என் கட்சி. 1976 மே 24-ஆம் தேதி பாரிசில், லேபிளை மறைத்து பிரெஞ்சு நடுவர்களுக்கே ஒயின் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெள்ளையில் முதலிடம் கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மான்டலீனா 1973 ஷார்டொனேவுக்குப் போயிற்று. பர்கண்டியின் பெரிய வீடுகள் பின்னால் நின்றன. அப்புறம் உலகம் முழுக்க ஷார்டொனே நட்டார்கள். ஓக் வாசம்தான் உசத்திக்கு அடையாளம் என்றாயிற்று. பீப்பாய் விலை கட்டாதவர்கள் எஃகுத் தொட்டியில் ஓக் பலகையைத் தொங்கவிட்டார்கள், ஓக் சிராயைப் பையில் கட்டி டீத்தூள் மாதிரி முக்கினார்கள். 2006-ல் ஐரோப்பிய ஒன்றியமும் சிராய்க்கு அனுமதி கொடுத்தது. குடித்தால் வெண்ணெய் தடவிய மரப்பலகையை நக்கியதுபோல இருக்கும். ‘ஷார்டொனே தவிர எதுவானாலும் சரி’ என்று ஒரு கூட்டமே கிளம்பியதில் வியப்பில்லை. சிராயிலும் வாசம் வரத்தான் செய்கிறது. மூச்சு வராது. பீப்பாயின் மரம் வழியே மாதக்கணக்கில் இழை இழையாகக் காற்று உள்ளே போகும். ஒயின் அதில் முதிர்ந்து நிறம் திரளும். பையில் கட்டிய சிராய் அதைச் செய்யாது.

என் அளவுகோல் ஒன்றுதான். மரவாசம் தனியாக எழுந்து நின்று கை காட்டினால் அது மட்டமான வேலை. நல்ல மரச்செக்கு எண்ணெயில் நாம் வாகை மரத்தையா மோந்து பார்க்கிறோம்? எள்ளைத்தான். ஆனால் செக்கை மாற்றினால் உடனே கண்டுபிடித்துவிடுவோம்.

நம்மவர்கள் இதில் பின்தங்கியவர்கள் என்று யாராவது சொன்னால் சங்கப் பாட்டைப் புரட்டச் சொல்வேன். நம் சொல்லே ‘தேறல்’. தெளிந்தது, தேறியது. மலைபடுகடாம், மூங்கில் குழாயில் விளைந்த தேறலைப் பேசுகிறது. பாரியின் பறம்பைப் பாடிய கபிலர், நிலத்தில் புதைத்து முதிரவைத்த தேறலைச் சொல்கிறார் புறநானூறு 120-இல். ஜார்ஜியா நாட்டில் இன்றும் பெரிய மண்சாடியைப் புதைத்துத்தான் ஒயின் செய்கிறார்கள். பாண்டத்தால் பண்டம் மாறும் என்பதைக் கண்டவர்கள் நம் பாட்டன்மார். புறநானூறு 56-இல் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பருகுவதைப் பாடுகிறார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது அந்தத் தேறல் வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மண்சாடி ஒழுகாமலிருக்க உள்ளே மரப்பிசின் பூசுவது அக்கால வழக்கம். ஆகவே யவனத் தேறலிலும் மரவாசம் இருந்திருக்கும். ஆனால் சாடி கனம், விழுந்தால் உடையும். வடக்கே கால் (Gaul) நாட்டுக்காரர்கள் மரப்பீப்பாய் செய்து உருட்டிக்கொண்டு போனதை ரோமானியர் பார்த்தார்கள், பழகிக்கொண்டார்கள். பீப்பாய் முதலில் சுவைக்காக வந்ததே இல்லை. உருட்டச் சுலபம் என்று வந்தது. சுவை பின்னால் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரத் தொட்டியில் முதிரவைக்கிறார்கள். அந்த மரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘திருகோணமலை மரம்’. தேங்காய்க்கும் மரத்துக்கும் அங்கே வேறு விதமான கல்யாணம்.

பால்கனிக்கு வருகிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டில், தவறு, எடுத்த குளிரில் ஊற்றினால் இந்த ஒயின் வாயே திறக்காது. நாலைந்து டிகிரியில் புளிப்பு மட்டும்தான் தெரியும். 10-லிருந்து 13 டிகிரிக்கு வரவேண்டும். பெங்களூரில் வெளியே வைத்து அரைமணி காத்திருந்தோம். எங்கள் ஊர் சித்திரை வெயிலென்றால் பத்து நிமிஷம் தாண்டக் கூடாது. கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது, மேலே வாசம் நிற்க இடம் வேண்டும். வாயில் கொஞ்சம் நிறுத்தி விழுங்கினால், முதலில் பழம், நடுவில் பால்போல ஒரு கனம், விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மாசிக்காய். அந்தத் துவர்ப்பு நல்ல மரத்தில் இதமாக இழுக்கும். மட்டமான மரத்தில் பல்லில் ஒட்டும்.

மருமகன் ஒரு கிண்ணத்தில் சொதியைக் கொண்டுவந்தான், சோறில்லாமல்.

“மாமா, ஒரு வாய் சொதி, ஒரு வாய் இது. பாருங்க.”

பார்த்தேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் படிந்திருக்க, எலுமிச்சையும் ஒயினின் புளிப்பும் சேர்ந்து அதை விலக்க, மரத்தின் கிராம்பு வாசம் முருங்கைக்காயோடு போய் நின்றது. சொதியில் காரம் மட்டு என்பதுதான் இதன் சூட்சுமம். மிளகாய்க் காரம் ஏறினால் ஆல்கஹால் அதை விசிறிவிடும். எங்கள் ஊர்ப் பிரியாணிக்குப் பக்கத்தில் இந்த ஒயினை வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அன்றைக்கே அது நிரூபணமாயிற்று. சொதிக்குத் துணையான இஞ்சித் துவையலைத் தொட்டு நக்கிவிட்டுக் குடித்தேன். பூவும் போச்சு, பழமும் போச்சு, வெறும் கட்டை. துவையலா ஒயினா என்றால் எனக்குத் துவையல்தான். பாட்டிலை மூடினோம்.

மறுவாரம் ஊருக்குக் கிளம்பும்போது அக்காவின் பையில் அந்தக் காலிப் பாட்டில் இருந்தது. கழுவிக் கவிழ்த்துக் காயவைத்துத் துணியில் சுற்றியிருந்தாள். கண்ணாடி நல்ல கனம், எண்ணெய்க்கு ஆகுமாம். இப்போது எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் அதில் நல்லெண்ணெய் இருக்கிறது. அமிர்தராஜின் பெயர் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அழிந்துகொண்டிருக்கிறது.

“லேசா கிராம்பு வாசம் இன்னும் இருக்குல்ல?” என்று கேட்டேன்.

அக்கா மூடியைத் திறந்து மோந்தாள். “எள்ளு வாசம்தான் இருக்கு. மூக்குல என்ன கோளாறு ஒனக்கு?” என்றாள்.

(அடுத்த வாரம்: ஊறுகாய் ஜாடி)